கடம்பூரில் காவல் தவறியவன்

கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலில் வந்தியத்தேவன் குந்தவை காதலைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து உண்டு, அதையெல்லாம் நான் எப்போதோ கேட்டு முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். சமீபத்தில் ஒரு மாலை, எங்கள் மொட்டை மாடியில் கூடும் வாசிப்புக் கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்வி அந்த நினைப்பைக் கலைத்துவிட்டது. "காதல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவன் எப்படி இன்னும் உயிரோட இருக்கான்?"

கேட்டவர் எங்கள் தெருக்காரர். காவல்துறையில் பாதுகாப்புப் பிரிவில் பி.எஸ்.ஓ.வாக, அதாவது தனிப் பாதுகாப்பு அதிகாரியாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பெரிய பதவியில் இருந்தவரின் நிழலாகப் பல வருடங்கள் நடந்தவர். வயது அறுபதைத் தாண்டிய பிறகுதான் ஐந்து பாகங்களையும் வாங்கிப் படித்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சார்'தான், எனக்கும் அப்படியே. அவர் கேட்டது இதைத்தான்: தன் அண்ணனும் பட்டத்து இளவரசனுமான ஆதித்த கரிகாலனைப் பிரியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் குந்தவை வந்தியத்தேவனை அனுப்புகிறாள். கரிகாலன் செத்துப்போகிறான். காவலுக்குப் போனவன் உயிரோடு திரும்புகிறான். இறந்தவனின் தங்கை அவனையே மணக்கிறாள். "இதை என்னால ஜீரணிக்க முடியலைங்க" என்றார்.

கூட்டத்தில் யாரும் அவருக்குச் சரியான பதில் சொல்லவில்லை. "கதைதானே சார்" என்றார் ஒருவர். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எழுபது வருடங்களுக்கு மேலாகத் தமிழர்கள் இந்த இருவரையும் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல எடைபோட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் மட்டும் அதை ஏன் கதை என்று விட்டுவிட வேண்டும்?

அத்தையின் குந்தவை, அக்கா மகளின் குந்தவை

என் அத்தை இந்தக் கதையைப் புத்தகமாகப் படித்தவர் இல்லை. 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் வந்த தொடரை, வீட்டில் யாரோ கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்த கட்டில் படித்தார். ஓரங்களில் விளம்பரம், நடுவே மணியம் வரைந்த படங்கள். அத்தையைப் பொறுத்தவரை குந்தவையின் முகம் மணியம் போட்ட முகம்தான், வேறு எந்த முகமும் கிடையாது. இந்தக் காதலின் அழகே அதன் அடக்கத்தில் இருக்கிறது என்பது அவர் கட்சி. நாலு வார்த்தை பேசுவார்கள், பிரிந்துவிடுவார்கள், அப்புறம் நூறு பக்கத்துக்கு ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் அவன் இலங்கையில் எங்கோ காட்டில் அலையும்போது அவள் நினைப்பு கூடவே போகும். "தொட்டாத்தான் காதலா?" என்பார் அத்தை.

அக்கா மகள் 2022-இல் படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தவள். கார்த்தியும் திரிஷாவும் கண்ணுக்குள் இருக்க, அலைபேசியில் ஒலிப்புத்தகமாக இரண்டு பாகம் கேட்டு, மீதியைப் படித்தாள். அவள் கருத்து நேர் எதிர். "சித்தி, அவ அவனை நல்லா வேலை வாங்குறா. இலங்கைக்குப் போ, காஞ்சிக்குப் போ, கடம்பூருக்குப் போ. போயிட்டு வந்தா ஒரு புன்னகை. இதுக்குப் பேரு காதலா?" என்றாள். அதோடு விடவில்லை. வெளிதேசத்து ராஜாவைக் கட்டிக்கொண்டால் சோழ நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதால்தான், நாடில்லாத வாணர் குலத்துப் பிள்ளையை அவள் தேர்ந்தெடுத்தாள் என்றாள்.

இதை நான் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பொன்னி பாயும் நாட்டை விட்டுப் போகமாட்டேன் என்ற பிடிவாதம் நாவலின் குந்தவைக்கு நிச்சயமாக உண்டு. வரலாற்றிலும் அரசகுமாரிகளின் கதி என்ன என்று நமக்குத் தெரியும். இதே குந்தவையின் பெயரைத் தாங்கிய ராஜராஜனின் மகள் வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு மனைவியாகிப் போனாள். ராஜேந்திரனின் மகள் அம்மங்காதேவியும் அதே வேங்கிக்குத்தான் போனாள். கல்யாணம் என்பது எல்லையில் போடும் இன்னொரு கோட்டையாக இருந்த காலம். அப்படிப்பட்ட காலத்தில் தன் ஊரிலேயே இருந்துகொண்டு, தன் பெயரில் கோயிலும் கொடையும் செய்துகொண்டு, தம்பியின் அரசாட்சிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த ஒருத்தி தன் துணையை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பாள். யோசித்துத் தேர்ந்தெடுப்பது காதலுக்கு எதிரானது என்று நான் நினைக்கவில்லை. அக்கா மகளிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஆனால் இந்த இரண்டு கருத்துகளுக்கும் நடுவில் ஒரு ஒற்றுமை இருப்பது சாரின் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தையும் சரி, அக்கா மகளும் சரி, பார்ப்பது குந்தவையை மட்டும். அவன் தன் வேலையைச் செய்தானா என்று இருவருமே கேட்கவில்லை.

வேளக்காரப் படையின் சபதம்

சார் அன்று சொன்ன இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பி.எஸ்.ஓ. வேலையில் இருப்பவன் தான் காக்கும் ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டானாம். கூட்டத்தில் இருப்பவர்களின் கைகளைத்தான் பார்ப்பானாம். "முகம் சிரிக்கும் மேடம், கை பொய் சொல்லாது" என்றார். பயிற்சியில் அவர்களுக்கு இரண்டு தேதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்வார்களாம். ஒன்று 1984 அக்டோபர் 31. இந்திரா காந்தியைக் காவலுக்கு நின்றவர்களே சுட்ட நாள். இன்னொன்று 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட நாள். "அன்னிக்கு அவரோட சேர்ந்து எத்தனை போலீஸ்காரங்க செத்தாங்க தெரியுமா? பக்கத்துல நின்னவங்க பக்கத்துலயே செத்தாங்க. எங்க வேலைன்னா அதுதாங்க." இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. ஆனால் அதன் பிறகு கூட்டத்தில் வந்தியத்தேவனின் குறும்பைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் பாகத்தைத் திறந்து, வேளக்காரப் படை அத்தியாயத்தைத் தேடிப் படித்தேன். பலமுறை வேகமாகக் கடந்துபோன அத்தியாயம் அது. தஞ்சை வீதியில் சக்கரவர்த்தியின் மெய்க்காவல் படை போவதை வந்தியத்தேவன் பார்க்கிறான். அரசரின் உயிரைக் காப்பதாகச் சபதம் எடுத்தவர்கள் அவர்கள். தங்கள் தவறால் அரசர் உயிருக்கு ஆபத்து நேர்ந்துவிட்டால் தங்கள் தலையைத் தாங்களே வெட்டிக்கொள்வார்கள். கல்கி இதைக் கற்பனையில் இருந்து எடுக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேளைக்காரப் படைகள் வரிசையாக வருகின்றன. தன் தலையைத் தானே அரிந்துகொள்ளும் வீரனின் நவகண்டச் சிற்பங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் வயல் ஓரத்திலும் கோயில் வாசலிலும் நிற்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும், அரசன் இறந்தால் அவனுக்குக் கட்டுப்பட்ட வீரர்கள் அதே சிதையில் இறங்கிவிடுவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, சாரின் கேள்வி இருபதாம் நூற்றாண்டு போலீஸ்காரரின் கேள்வி மட்டும் அல்ல. கதைக்குள்ளேயே அந்த நெறி இருக்கிறது. அந்தப் படையைக் கதாநாயகன் கண்முன்னே நடக்கவிட்டு, பின்னால் அவனையே ஒரு இளவரசனுக்குக் காவலாக அனுப்பி, அந்த இளவரசனைச் சாகவிடுகிறார் கல்கி. தெரியாமல் செய்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. கதை முடியும் இடத்தில் இன்னொருவர் அந்த நெறிப்படியே நடக்கிறார் என்பதையும் பாருங்கள். சோழ நாட்டின் தனாதிகாரியான பெரிய பழுவேட்டரையர், தன் கத்திதான் கரிகாலனின் உயிரைக் குடித்தது என்று ஒப்புக்கொண்டு, தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறார். கிழவர் பழைய சட்டப்படி கணக்கை முடித்துவிட்டுப் போகிறார். இளைஞன் முடிக்கவில்லை, வாழ்கிறான்.

அவன் காவலனே இல்லை

இந்த நெறியை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி படிக்கும்போது, வந்தியத்தேவன் வேறு ஆளாகத் தெரிந்தான்.

குந்தவை அவனை முதன்முதலில் எங்கே பார்க்கிறாள்? குடந்தை சோதிடர் வீட்டில். வாசலில் காவலுக்கு நின்ற சீடனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து விழுகிறான். அடுத்தது அரிசிலாற்றங்கரை. முதலை என்ற கூக்குரல் கேட்டுக் குதிரையில் பாய்ந்து வந்து வேலை எறிகிறான். அது உயிரில்லாத முதலை. காப்பாற்றத் தேவையே இல்லாத பெண்களை அவன் காப்பாற்றுகிறான், அவர்கள் சிரிக்கிறார்கள். அதற்கு முன்பே கடம்பூர் மாளிகையில் இரவில் ஒளிந்திருந்து சதியைக் கேட்டாயிற்று. பின்னர், பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி கொடுத்த பனை இலச்சினை மோதிரத்தைக் காட்டித் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைந்து, காவலர் கையில் சிக்காமல் தப்பியும் விடுகிறான். ஓரிடம்கூட இல்லை, அவன் ஒரு வாசலைக் காத்து நின்றான் என்று சொல்ல. எல்லா இடத்திலும் வாசலைத் தாண்டுகிறவன் அவன். நல்ல ஒற்றன், நல்ல தூதன், கெட்டிக்காரன். காவலன் மட்டும் இல்லை.

இலங்கைப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குந்தவையின் தம்பி அருள்மொழியை (பின்னாளில் ராஜராஜன்) அழைத்து வரப் போனவன், இளவரசர் இருப்பதாக நினைத்துத் தவறான கப்பலில் ஏறி, சதிகாரன் ரவிதாசன் கூட்டத்திடம் மாட்டிக்கொள்கிறான். புயலில் பற்றியெரியும் கப்பலில் இருந்து அவனை மீட்க அருள்மொழியே கடலில் குதிக்க வேண்டியதாகிறது. இருவரையும் கரைசேர்ப்பது படகோட்டிப் பெண் பூங்குழலியின் படகு. பாதுகாக்கப்பட வேண்டியவர் பாதுகாவலனைக் காப்பாற்றும் காட்சி இது. நட்பின் உச்சம் என்று நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடலாம்தான். ஆனால் சாரைப் போன்ற ஒருவர் படித்தால் அந்த இடத்திலேயே அவனை வேலையில் இருந்து எடுத்திருப்பார். கேட்டேன். "கப்பல்ல இருந்து இறங்கின உடனே டிரான்ஸ்ஃபர்" என்றார்.

குந்தவைக்கு இது தெரியாதா? தெரியும். அந்தரங்கமான காரியத்துக்கு நம்பிக்கையான ஒருவன் வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டு வாங்கியவள் அவள். அவன் அவசரக்காரன் என்பது அவளுக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. இருந்தும் தன் குடும்பத்திலேயே மிக ஆபத்தான இடத்துக்கு அவனை அனுப்புகிறாள். கரிகாலன் கடம்பூர் போகாமல் தடுக்க வேண்டும், போனால் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நந்தினியைப் பற்றிய குடும்ப ரகசியத்தைச் சொல்ல வேண்டும். ஒரே ஆள் தூதனாகவும் ரகசியம் சுமப்பவனாகவும் மெய்க்காவலனாகவும் இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அக்கா மகள் சொன்ன 'வேலை வாங்குகிறாள்' என்பதன் முழுக் கனமும் இந்த ஏவலில்தான் இருக்கிறது. வேறு யாரையும் நம்ப முடியாத அரண்மனையில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள் அவன். தகுதி பார்த்து அல்ல, நம்பிக்கை பார்த்து அனுப்பினாள். நம்பிக்கைக்குரியவன் திறமைசாலியாகவும் இருந்துவிடுவான் என்று நினைப்பது அரசியலில் இருப்பவர்கள் எல்லாக் காலத்திலும் செய்வதுதான்.

கரிகாலனோ காக்கப்பட விரும்பாதவன். எல்லோரும் போகாதே என்று தடுத்தும் கடம்பூருக்குப் போகிறவன், சாவைத் தேடி நந்தினியின் அறைக்குள் தனியாக நுழைகிறவன். வந்தியத்தேவன் அதே அறையில் யாழ்க் களஞ்சியத்தில் ஒளிந்திருக்கிறான். பின்னாலிருந்து ஒரு கை அவன் கழுத்தை இறுக்குகிறது. விளக்கு அணைகிறது. எரியும் மாளிகையில் இருந்து அவன் சுமந்து வருவது கரிகாலனின் உடலை. கொலைப்பழியும் அவன் மேலேயே விழுகிறது.

சாரிடம் இதை அப்படியே வைத்தேன். தன்னைக் காக்க வேண்டாம் என்று நினைக்கும் ஆளை எப்படிக் காப்பது? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கூட்டத்தைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடும் தலைவர்களைப் பற்றிச் சொன்னார். கயிறு கட்டி வைத்தால் கயிற்றைத் தாண்டிப் போய்க் கை கொடுப்பார்கள். "அவங்க இறங்கினா நாமளும் இறங்கணும். அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு." கரிகாலன் இறங்கினான், வந்தியத்தேவனும் இறங்கினான் என்றேன். "இறங்கினான், ஒத்துக்கிறேன். ஆனா எழுந்து வந்துட்டானே" என்றார்.

கல்லில் இருப்பதும் இல்லாததும்

வரலாற்றைக் கொண்டு வந்து அவரைச் சமாதானப்படுத்தவும் பார்த்தேன். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடி கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்றவர்கள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களையும் உறவுகளையும் சேர்ந்த நிலங்களைப் பற்றி ஆணை போகிறது. பட்டப்பெயர்களைப் பாருங்கள். பிரமாதிராஜன் என்பது அரசு உயர் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டம். ஆபத்து வெளியில் இருந்து வரவில்லை, அரண்மனை வட்டத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. இதைச் சொன்னதும் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா எந்தக் காவலனாலயும் முடியாது" என்றார். 1984 அவர் மனதில் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பெரிய கோயில் கல்வெட்டு இன்னொரு பக்கம். அங்கே ராஜராஜனின் தமக்கை, வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவி என்ற இரண்டு அடையாளங்களோடும் குந்தவை நிற்கிறாள். தன் தந்தைக்கும் தாய்க்கும் படிமங்கள் எடுத்து வைக்கிறாள். தான் கொடுத்ததற்கு அடுத்தபடி அக்கன் கொடுத்தது என்று ராஜராஜன் எழுதச் சொல்கிறான். திண்டிவனம் பக்கம் தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் கோயில் எடுத்தவளும் அவள்தான். அந்த வந்தியத்தேவர் எப்படிப்பட்ட மனிதர், கரிகாலன் இறந்த அன்று எங்கே இருந்தார் என்பதற்குக் கல்லில் ஒரு வரி கிடையாது. அந்த மௌனத்தில்தான் கல்கி தன் கதையைக் கட்டினார். கணவன் என்ற ஒரு சொல்லில் இருந்து ஒரு வாலிபனை உண்டாக்கினார். வெற்றி வீரனாகவே அவனை எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அவள் அண்ணன் சாகும்போது அதே அறையில் இருந்து ஒன்றும் செய்ய முடியாமல் போனவனாக எழுதினார்.

இங்கே வந்துதான் எனக்கு என் பதில் கிடைத்தது. கல்கி அவர்கள் கல்யாணத்தை எழுதவில்லை. நாவலின் கடைசி அத்தியாயத்தில் வந்தியத்தேவனின் மடியில் உயிர்விடுவது, அவனைக் காதலித்த கடம்பூர்ப் பெண் மணிமேகலை. குந்தவையோடு அவனுக்குத் திருமணம் நடந்ததா என்பது முடிவுரையில் வரும் கேள்விகளில் ஒன்றாகத்தான் இருக்கிறது. அத்தைக்கு இதில் தீராத கோபம். இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்து பந்தியில் இலை போடாமல் அனுப்பிவிட்டார் என்பார். 1954-இல் தொடர் முடிந்தது, அதே ஆண்டு டிசம்பர் 5-இல் கல்கி இறந்துபோனார், எழுத நேரம் இல்லை என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதியிருந்தால் அது மாலையும் மேளமுமாக இருந்திருக்க முடியாது. அண்ணனைக் காக்க அனுப்பியவளும், காக்க முடியாமல் திரும்பியவனும் எதிரெதிரே நிற்கும் காட்சியாகத்தான் இருந்திருக்கும். அவன் தோற்றுவிட்டான் என்பது அவளுக்குத் தெரியும். தகுதியில்லாத வேலைக்குத் தன்னை அனுப்பியவள் அவள் என்பது அவனுக்குத் தெரியும். அந்தச் சாவில் இருவருக்கும் பங்கு உண்டு, அதை உலகத்தில் வேறு யாரிடமும் பேச முடியாது. இப்படிப்பட்ட இருவர் சேர்ந்து வாழ முடிவு செய்வது, ஆற்றங்கரையில் தொடங்கிய காதலைவிடப் பெரியதாக எனக்குப் படுகிறது. வேளக்காரப் படையின் சபதப்படி அவன் தலையைக் கொடுத்திருந்தால், அந்தச் சுமை முழுவதும் அவள் ஒருத்தி மேல் இறங்கியிருக்கும்.

அத்தை இதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு கனமா ஏன் யோசிக்கிறே, எனக்கு ரெண்டு பேரும் நல்லா இருந்தாப் போதும்" என்றார். அக்கா மகள் ஒப்புக்கொள்ளவில்லை. குற்ற உணர்வில் கட்டிய வீடு காதல் ஆகாது என்பது அவள் வாதம். அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது, அவளோடு இன்னும் பேச வேண்டும்.

சார் மட்டும் வேறு ஒன்றைச் சொன்னார். அந்தக் கல்யாணக் காட்சியை எழுதுவதாக இருந்தால் குந்தவை அவனிடம் முதலில் என்ன கேட்பாள் என்று நான் கேட்டிருந்தேன். என் மேல் உனக்குக் கோபமா என்று கேட்பாள், மன்னிப்பு கேட்பாள் என்றெல்லாம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் யோசிக்கவே இல்லை. அவருடைய சீனியர் ஒருவர், தான் காவல் நின்ற மனிதர் இறந்த பிறகு அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனாராம். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயத்தோடு போனவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அந்த வீட்டு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். "கடைசியா அவர் என்ன பேசினார்?" குந்தவையும் அதைத்தான் கேட்பாள் என்றார் சார். அதற்குப் பதில் சொல்லக் கரிகாலனுடன் அந்த அறையில் இருந்த ஒருவன் உயிரோடு இருக்க வேண்டும் இல்லையா என்று நான் கேட்டேன். "அதுக்காக வேணா விடலாம்" என்றார். முழு மனதோடு சொன்ன மாதிரி தெரியவில்லை.